உகாயடிக்கு வந்த வேலி

இராசமலரின் வாய்க்குப் பயந்து ஐஸ்பழக்காரன் அவளுடைய ஒழுங்கைக்குள் மணி அடிக்காமல் போவான் என்று கச்சாய்ப் பக்கத்தில் சொல்வார்கள். அது பொய். மணி அடிப்பான். சைக்கிளை நிறுத்தமாட்டான், அவ்வளவுதான்.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு தம்பிஐயாவைக் கட்டிக்கொண்டு அந்தக் கடல்நீரேரிக் கரைக்கு வந்தபோது அவளுக்கு இருபது வயது. தம்பிஐயா இறால் பிடிக்கிறவன். நல்ல உழைப்பாளி, வாய் திறவாதவன். இருவரில் ஒருவருக்கு வாய் இருந்தால் போதும் என்று அவள் சொல்லிக்கொள்வாள். நாலு வருடத்தில் அவனுக்குக் கண் மங்கத் தொடங்கியது. வலை கட்டிய கம்பு தெரியாமல் அதிலேயே போய் இரண்டு தரம் மோதினான். மூன்றாம் தரம் அவனை அவள் தண்ணீரில் இறங்க விடவில்லை. அவன் வீட்டு முற்றத்தில் இருந்து தடவித் தடவி மற்றவர்களின் கிழிந்த வலைகளைப் பொத்தத் தொடங்கினான். அடுப்பை எரிய வைக்கும் பொறுப்பு அவளிடம் வந்தது.

வீட்டுக்கும் தண்ணீருக்கும் இடையில் இருபது பரப்பு வரும் ஒரு பற்றைக்காடு இருந்தது. உவர் மண்ணில் உகாய் மரத்தைத் தவிர வேறொன்றும் எழும்பாத இடம். அரசாங்கக் காணி என்பார்கள், ஆனால் அரசாங்கமும் அதை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. ஊரார் அதை உகாயடி என்றார்கள். இராசமலருக்கு அந்தப் பற்றையில் இரண்டு வரும்படி. குழை அவளுடைய ஆடுகளுக்கு. விரல் பருமனான இளங்கிளை பல் விளக்கும் குச்சிக்கு. யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து புதன்கிழமைகளில் கலந்தர் காக்கா பஸ்ஸில் வந்து குச்சிக்கட்டை வாங்கிப் போய் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலடியில் விற்பார்.

முற்றிய கிளையில் குச்சி வராது. கண்டபடி வெட்டினால் மரம் பட்டுப்போகும். ஆகவே அவள் பற்றையை மனதுக்குள் ஆறு துண்டாகப் பிரித்து வைத்திருந்தாள். ஒரு துண்டை வெட்டினால் அதற்குத் திரும்பி வர மூன்று மாதமாகும். அதற்குள் வெட்டுவாயில் இளங்குருத்து குப்பென்று கிளம்பியிருக்கும். அந்தக் குருத்தைத் தேடித்தான் ஒரு வண்ணாத்திப்பூச்சி வந்து முட்டையிடும். அவித்த நண்டின் ஓட்டு நிறம், சிறகுக் கரையெல்லாம் கறுப்பு. அவள் அதை நண்டோட்டுப் பூச்சி என்பாள். புழு இருக்கும் கொப்பை ஆடு மோந்துவிட்டுத் தும்மும், தின்னாது. அதனால் அந்தக் கொப்புகளை வெட்டாமல் விட்டுவிடுவாள். பூச்சிமேல் அவளுக்குப் பட்சம் என்று யாரும் நினைக்கவேண்டாம். ஆடு தின்னாததை ஏன் வீணாகச் சுமக்கவேண்டும் என்பதுதான் அவளுடைய கணக்கு.

ஆடுகள் பதினொன்றாகப் பெருகின. அந்த ஆடுகளை நம்பித்தான் அவள் தன் ஒரே மகள் கமலாவதியை உடுவிலில் மிஷன் பள்ளிக்கூட விடுதியில் விட்டுப் படிப்பித்தாள். கண் தெரியாதவன் மகளுக்கு உடுவில் கேட்குதோ என்று இரண்டு மூன்று பேர் கதைத்தார்கள். இராசமலர் திருப்பிச் சொன்னதைக் கேட்டபின் அவர்கள் அந்தக் கதையை எடுக்கவில்லை.

இந்த ஒழுங்குக்குள்தான் ஆழ்வாப்பிள்ளை வந்து சேர்ந்தார்.

ஆழ்வாப்பிள்ளை கொழும்பில் ஒரு கந்தோரில் பெரிய கிளாக்கராக இருந்தவர். ஐம்பத்தாறில் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்த பிறகு சிங்களச் சோதினை எழுதச் சொன்னபோது, எழுதமாட்டேன் என்று ஓய்வூதியத்தோடு வெளியேறிச் சாவகச்சேரிக்கு வந்துவிட்டார். மானமுள்ள மனிதர் என்று ஊர் மதித்தது. மதிக்கவேண்டிய காரியம்தான். ஆனால் மொழிக்காக வேலையை விட்டவர் தபால்காரனோடும் இங்கிலீசில்தான் கதைத்தார். வரும்போது எட்டுப் பெட்டியும், வண்ணத்துப்பூச்சி பற்றிய தடித்த இங்கிலீசுப் புத்தகமொன்றும், பிடி வைத்த ஒரு துணிவலையும் கொண்டுவந்தார். சேவகர்களை அதட்டிப் பழகிய மனிதருக்கு அதட்ட ஆளில்லாமல் போனபோது பூச்சிகள் அகப்பட்டன.

அறுபத்துநாலாம் ஆண்டு மாசி மாதம் ஒரு காலை, முழங்கால் மட்டும் சேற்றில் புதைந்தபடி வலையை வீசிக்கொண்டு நின்றவரை இராசமலர் கண்டாள்.

"என்ன ஐயா, உந்தச் சேத்துக்கை நிண்டு என்ன செய்யிறியள்?"

"பூச்சி பிடிக்கிறன்."

"கரையிலை நிண்டால் தானாய் வந்து தோளிலை இருக்கும். சேத்துக்கை நிண்டு பிடிக்கிறதுக்கு அதென்ன மீனோ?"

அவர் கையைக் கொடுத்தார், அவள் இழுத்து வெளியே விட்டாள். ஒரு சப்பாத்து சேற்றுக்குள்ளேயே போய்விட்டது. கரையில் நின்றதும் அவருக்குப் பழைய மிடுக்கு வந்தது.

"பிள்ளை, உது என்ன பூச்சி எண்டு உனக்குத் தெரியுமோ?"

"நண்டோட்டுப் பூச்சி."

அவர் சிரித்துவிட்டு நீளமான ஒரு லத்தீன் பெயரைச் சொன்னார். "நீ உந்தப் பெயரைக் கேட்டிருக்கமாட்டாய்."

"பூச்சியும் கேட்டிருக்காது ஐயா."

"அழிஞ்சுகொண்டு போற சாதி. குடாநாடு முழுக்கத் தேடிப்போட்டன். இந்தக் கரையிலை மட்டும்தான் மிச்சம்."

"அழியிறதெண்டால் பிறகேன் வலை?"

"உது விஞ்ஞானம். உனக்கு விளங்காது."

விஞ்ஞானம் அவருடைய விறாந்தைச் சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஊசியில் குத்தப்பட்டுக் கிடந்தது. அழிந்துகொண்டு போகும் சாதியில் பதினேழு அங்கே இருந்தன.

எழுபத்தோராம் ஆண்டு அந்த விறாந்தையிலேயே வண்ணத்துப்பூச்சிக் காப்புச் சங்கம் பிறந்தது. ஆழ்வாப்பிள்ளை தலைவர். விஞ்ஞானம் படிப்பிக்கும் பஞ்சலிங்கம் மாஸ்ரர் செயலாளர். பஞ்சலிங்கம் கெட்டவர் அல்ல. எதிரில் நிற்பவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே தலையாட்டும் பழக்கமுடையவர், அவ்வளவே. அங்கத்தவர் ஒன்பது பேர். அதில் ஏழு பேர் உகாயடியைக் கண்ணாலும் காணாதவர்கள். கூட்டக் குறிப்பு இங்கிலீசில் எழுதப்பட்டது, இங்கிலீசிலேயே வாசித்து அங்கீகரிக்கப்பட்டது. இராசமலர் என்று ஒருத்தி இருப்பதாக எந்தக் குறிப்பிலும் இல்லை. "ஆடுகள்" என்று இருந்தது.

அடுத்த வருடம் மேலிடத்தில் ஒரு கடிதம் வாங்கி, உகாயடியைச் சுற்றி முள்ளுக்கம்பி வேலி போட்டார்கள். நாலு சுருள் கம்பி வாங்கினார்கள். மூன்றுதான் கரைக்கு வந்தது. நாலாவது சுருள் பொருளாளரின் மரவள்ளித் தோட்டத்தைச் சுற்றிப் பத்திரமாக நின்றது. ஆகவே தெற்கு மூலையில் கம்பி போதாமல் ஐந்து மரங்கள் வெளியே விடுபட்டன. ஐந்து மரத்துக்காக யார் இனிக் கூட்டம் கூட்டுவது என்று விட்டுவிட்டார்கள்.

திறப்பு விழாவுக்கு நிறைகுடம் வைத்தார்கள். ஆழ்வாப்பிள்ளை முக்கால் மணித்தியாலம் இங்கிலீசில் பேசினார். நன்றியுரை மட்டும் தமிழில். "ஆடுகளே இந்த அரிய உயிரினத்தின் எமன்" என்று பஞ்சலிங்கம் சொல்லும்போது எமன்கள் பதினொன்றும் இராசமலருக்குப் பின்னால் நின்று அசைபோட்டன. பிறகு வந்தவர்களுக்கு வடை கொடுத்தார்கள். வடை தின்ற எண்ணெய்க் கையைப் பெரியமனிதர்கள் உகாய்க் குருத்தைப் பிடுங்கித் துடைத்தார்கள். கடைசியில் ஆழ்வாப்பிள்ளை படலையில் ஆமைப்பூட்டைப் போட்டுத் திறப்பை மடியில் செருகிக்கொண்டார்.

அடுத்த நாள் அவள் அவருடைய வீட்டுக்குப் போனாள். யாரிடமும் கெஞ்சிப் பழகாதவளுக்கு அந்த ஒரு நடை நெடுந்தூரமாக இருந்தது.

"ஐயா, ரண்டு துண்டையாவது எனக்கு விடுங்கோ. ஆடு போனால் பிள்ளையின்ரை படிப்பும் நிண்டுபோம்."

"இராசமலர், ஆடு உலகம் முழுக்க இருக்கு. இந்தப் பூச்சி இஞ்சை மட்டும்தான்."

"நான் வெட்ட வெட்டத்தான் ஐயா குருத்து வருகுது. குருத்துக்குத்தான் பூச்சி வருகுது. வெட்டாமல் விட்டால் இலை தடிச்சுப்போம். புழுவாலை கடிக்கேலாது."

ஆழ்வாப்பிள்ளை உள்ளே திரும்பித் தன் மனைவிக்கு அதை இங்கிலீசில் சொன்னார். உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு வந்தது. "மரத்தை வெட்டித்தான் மரத்தைக் காப்பாத்திறாளாம்" என்று பிறகு தமிழிலும் ஒருமுறை சொல்லிச் சிரித்தார்.

"ஒருக்காச் சொல்லிப்போட்டன்" என்றாள் இராசமலர். "இன்னொருக்காச் சொல்ல வரமாட்டன்."

வரவும் இல்லை. பதினொரு ஆட்டில் ஆறு கைமாறின. மிஞ்சிய ஐந்துக்கும் வெளியே விடுபட்ட ஐந்து மரம். ஒரு முறைக்கு ஒரு மரம், அதிலும் ஒரு பக்கம் என்று கிள்ளிக் கிள்ளி வெட்டினாள். விடியமுன் எழும்பி இரண்டு மைல் நடந்து பூவரசங்குழை ஒடித்து வந்தாள். தம்பிஐயா இரட்டிப்பு வலை பொத்தினான். கமலாவதியை மட்டும் விடுதியிலிருந்து நிறுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு தவணையும் அடுத்த தவணை உண்டோ இல்லையோ என்று தெரியாமலேதான் பிள்ளையை பஸ் ஏற்றினாள்.

"என்ன இராசமலர், கட்டு வரவரப் பென்சில் பெட்டி மாதிரிச் சிறுக்குது?" என்றார் கலந்தர் காக்கா.

"பூச்சிக்குக் குடியிருக்க வளவு எழுதிக் குடுத்திருக்கினம் காக்கா. எங்களை எழுப்பிப்போட்டினம்."

"பூச்சி என்ன சொல்லுது?"

"அதுக்கும் உந்த வளவு பிடிக்கேல்லை."

உண்மைதான். இரண்டு மாரி கழியுமுன்பே வேலிக்குள் உகாய் முற்றித் தடித்தது. இலை தோல் மாதிரி ஆனது. கொடி ஏறி மரங்களை மூடியது. நண்டோட்டுப் பூச்சி ஒவ்வொன்றாக வெளியேறி, இராசமலர் கிள்ளி வெட்டிய ஐந்து மரத்திலும் வந்து மொய்த்தது. சங்கம் எண்பது ரூபாய்க்கு எழுதி வேலியில் தொங்கவிட்ட பெயர்ப்பலகையின் கீழ் ஒரு பூச்சியுமில்லை. சங்கத்தின் ஆண்டறிக்கை, பூச்சிகள் புதிய பாதுகாப்பில் ஓய்வெடுப்பதாகத் தெரிவித்தது.

எழுபத்தைந்தாம் ஆண்டு தை மாதம், அந்த அறிக்கையை நம்பி, கொழும்பிலிருந்து பூச்சி ஆராய்ச்சிக்காரர் ஒருவர் வருவதாக எழுதினார். தமிழ் தெரியாதவர், உலகமெல்லாம் பூச்சி தேடித் திரிந்தவர். ஆழ்வாப்பிள்ளை கடிதத்தை மூன்று தரம் சங்கத்தில் வாசித்தார். பிறகு, வேலி போட்ட நாளுக்குப் பின் முதன்முதலாகப் பூட்டைத் திறந்து உள்ளே போனார். அரை மணி நேரம் தேடியும் ஒரு பூச்சியைக் காணவில்லை. வெளியே வந்து ஐந்து மரத்தைப் பார்த்தார். பார்த்த மனிதருக்கு விளங்கவேண்டியது விளங்கியிருக்கலாம். அவருக்கு வேறொன்று விளங்கியது.

வருகைநாள் காலை, கள்ளரைப்போல அவரும் பஞ்சலிங்கமும் ஒரு பிஸ்கற் தகரப் பேணியோடும் வலையோடும் ஐந்து மரத்தடிக்கு வந்தார்கள். இராசமலர் ஆடுகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்த கமலாவதியும் பக்கத்தில் நின்றாள். பதினாறு வயது, தாயின் உயரம், தகப்பனின் வாய்.

"மாஸ்ரர், என்ன விளையாட்டு?" என்று இராசமலர் கேட்டாள்.

பஞ்சலிங்கம் தரையைப் பார்த்தார். "கொஞ்சத்தைப் பிடிச்சு உள்ளுக்கை விடப்போறம் அக்கா. அங்கைதானே அதுகளின்ரை இடம்."

"அதுகளுக்குச் சொல்லிப்போட்டியளோ?"

ஒன்பது பூச்சி பிடித்தார்கள். ஒன்றின் சிறகு பேணி மூடியில் நசிந்தது. எட்டை உள்ளே கொண்டுபோய், தடித்த இலைகளுக்கு மேல் மூடியைத் திறந்தார்கள். எட்டும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு முள்ளுக்கம்பிக்கு மேலால் தாம் வந்த வழியே வந்து சேர்ந்தன. இரண்டாம் தரமும் பிடித்தார்கள். இரண்டாம் தரமும் வந்தன. மூன்றாம் தரம் ஆழ்வாப்பிள்ளை படலையைச் சாத்தினார். வானத்தால் பறக்கும் பூச்சிக்குப் படலையைச் சாத்திய மனிதரைத் தன் வாழ்நாளில் அன்றுதான் கண்டதாக இராசமலர் பின்னாளில் எல்லாருக்கும் சொன்னாள். அவள் வேறு பலதைக் கூட்டிச் சொல்வதுண்டு. இதைக் கூட்டத் தேவையிருக்கவில்லை.

பத்து மணிக்குக் கார் வந்தது. கொழும்புக்காரர் வேலிக்குள் போனார். ஓர் இலையை மடித்துப் பார்த்தார், கொடியை விலக்கிப் பார்த்தார். கடைசியாக விட்ட பூச்சிகளில் ஒன்று அவருடைய தொப்பிக்கு மேலால் தெற்கே பறந்தது. அவர் அதன் பின்னால் வெளியே வந்து, ஆழ்வாப்பிள்ளை படலையைத் திரும்பப் பூட்டிக்கொண்டு நிற்க, நேரே ஐந்து மரத்தடிக்குப் போனார். இளங்குருத்தடியில் குந்தினார். முட்டை, புழு, கூடு எல்லாவற்றையும் கண்டார். பிறகுதான் நிமிர்ந்து நுனியில் வளைந்த கத்தி கட்டிய கொக்கத்தடியோடு நின்ற இராசமலரைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"எத்தினை நாளைக்கு ஒருக்கா வெட்டுறனீ எண்டு கேக்கிறார்" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முறை வைத்து வெட்டுவது, மூன்று மாதம் ஆறவிடுவது, புழு இருக்கும் கொப்பை ஆடு தின்னாததால் விட்டுவிடுவது, முன்பு உகாயடி முழுக்க இப்படித்தான் இருந்தது என்பது. ஆழ்வாப்பிள்ளை கேட்டு முடித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு நீளமாக இங்கிலீசில் சொன்னார். சொல்லச் சொல்லக் கொழும்புக்காரரின் முகம் மலர்ந்தது. எழும்பி ஆழ்வாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இராசமலர் மகளைப் பார்த்தாள். "நான் சொன்னதுக்கு அவருக்கேன் கை குடுக்கிறார்?"

கமலாவதி தாயின் காதடிக்கு வந்தாள். "உது சங்கத்தின்ரை பரிசோதனைத் துண்டாம் அம்மா. ஐயாதான் யோசிச்சுக் கண்டுபிடிச்சவராம். நீங்கள் அவரின்ரை வேலைக்காரியாம், அவர் சொல்லுற மாதிரி வெட்டுறனீங்களாம்."

பஞ்சலிங்கம் எதிரில் நின்றார். அவருக்கும் இங்கிலீசு தெரியும். வழக்கம்போலத் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

இராசமலருடைய வாய்க்கு அது சரியான நேரம். ஊரில் யாரைக் கேட்டாலும், அன்று அவள் கத்தியிருந்தால் கார் திரும்பிச் சாவகச்சேரி போகும் மட்டும் கேட்டிருக்கும் என்பார்கள். ஆனால் கத்தினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. பைத்தியக்காரி என்று இங்கிலீசில் ஒரு சொல் சொல்லுவார்கள், அதோடு முடிந்துபோகும். பூட்டு பூட்டாகவே இருக்கும்.

"பிள்ளை," என்றாள் சாந்தமாக, "அந்த ஐயாவிட்டைச் சொல்லு. இண்டைக்கு வேலிக்குள்ளை வெட்டுற முறை எண்டு சொல்லு. வேலைக்காரி வந்து நிக்கிறாள், பெரியையா திறக்க மறந்துபோனார் எண்டு சொல்லு."

கமலாவதி அதை இரண்டே வசனத்தில், மெல்லிய குரலில், பிழையில்லாத இங்கிலீசில் சொன்னாள். ஆழ்வாப்பிள்ளை அந்தப் பக்கமிருந்து இங்கிலீசை எதிர்பார்த்திருக்கவில்லை. மறுத்தால் தான் சொன்னது பொய். ஒத்துக்கொண்டால் வேலி போச்சு. கொழும்புக்காரர் ஆவலோடு படலைப்பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார். ஆழ்வாப்பிள்ளை காற்சட்டைப் பையைத் தடவித் திறப்பை எடுத்தார்.

இராசமலர் ஐந்து ஆட்டையும் அவிழ்த்து முன்னால் விட்டு, கொக்கத்தடியைத் தோளில் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். மரங்கள் இருந்த கோலத்தைப் பார்த்ததும் கொடியைப் பிடுங்கி எறிந்தாள். முதல் மரத்தின் முற்றிய கொப்பைக் கொழுவி இழுத்தபோது அது பாதி முறிந்து தொங்கியது.

"ஐயா, இதை ஒருக்காப் பிடியுங்கோ" என்றாள்.

ஆழ்வாப்பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்தார். கொழும்புக்காரர் படக்கருவியைச் சரிசெய்துகொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் வெள்ளைக் காற்சட்டையோடு வந்து கொப்பைப் பிடித்தார். ஒரு கிடாய்க்குட்டி அவருடைய சப்பாத்துக் கயிற்றைச் சப்பிப் பார்த்துவிட்டுத் துப்பியது.

"இன்னும் கொஞ்சம் பதிச்சுப் பிடியுங்கோ. திறப்பையும் இஞ்சை தந்துவிடுங்கோ. வேலைக்காரியிட்டை இருக்கவேண்டியது அல்லோ."

கமலாவதி அதையும் மொழிபெயர்த்தாள். கொழும்புக்காரர் மிகவும் நியாயம் என்று தலையசைத்தார்.

மரம் தேறி வர இரண்டு மாரி பிடித்தது. பிறகு குருத்து வந்தது, பூச்சியும் வந்தது. ஆடு ஒன்பதாகியது. கமலாவதி மேல்வகுப்புக்குப் போனாள். ஆழ்வாப்பிள்ளையின் வெட்டுமுறை பற்றி இங்கிலீசில் ஒரு கட்டுரை கொழும்பில் அச்சாகியதாகவும் அதில் கொப்புப் பிடித்தபடி அவருடைய படம் வந்ததாகவும் பஞ்சலிங்கம் மாஸ்ரர் கொண்டுவந்து காட்டினார். படத்தின் ஓரத்தில் ஒரு கையும் கொக்கத்தடியும் தெரிந்தன. இராசமலர் அதை ஒருதரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். தம்பிஐயாவுக்கு வாசித்துக் காட்டவாவது வைத்திருங்கோ என்றார் மாஸ்ரர்.

"அவருக்குக் கண் தெரியாது மாஸ்ரர். ஆனால் பொய் தெரியும்."

கட்டுரையில் பெயர் வந்த ஆழ்வாப்பிள்ளைக்கு இப்போது ஆட்கள் எழுதிக் கேட்டார்கள். எந்த மாதம் எந்தத் துண்டு, எவ்வளவு உயரத்தில் வெட்டு, எவ்வளவு காலம் ஆறவிடுவது. அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே புதன்கிழமைகளில் குடையோடு உகாயடிக்கு வரத் தொடங்கினார். படலை திறந்திருந்தாலும் உள்ளே வராமல், இராசமலர் காணும் மட்டும் வெளியிலேயே நின்றார்.

"இண்டைக்கு எந்தப் பக்கம் வெட்டுறாய், பிள்ளை?"

"சொல்லுறன். குடையைச் சுருக்கி வைச்சிட்டு வாங்கோ" என்பாள். குழை உரிக்காத குச்சிக்கட்டை அவருடைய தலையில் தூக்கி வைப்பாள். "கலந்தர் காக்கா பஸ்ஸுக்கு நிக்கிறார். றோட்டு மட்டும் நடந்துகொண்டு கதைப்பம்."

அவர் நடந்தார். புழு ஒன்று கட்டிலிருந்து இறங்கி அவருடைய கழுத்துப்பட்டியில் ஊர்ந்தது. அவள் அதைக் கண்டாள், சொல்லவில்லை.